497 என்எம் காட்டிய டைனோ தாள்

நண்பர் ஒருவர் தன் டீசல் வண்டியின் இரண்டு டைனோ தாள்களை (வண்டியை உருளைமேல் ஓட்டி பலத்தை அளக்கும் இயந்திரம் தரும் அச்சு) படம் எடுத்து அனுப்பி, கூடவே ஒரே ஒரு கேள்வி போட்டிருந்தார்: "டார்க் 497 காட்டுது, கிளட்ச் தாங்குமா?" அப்புறம் போனில் பேசும்போது போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். டியூன் போட்ட பிறகு (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றிய பிறகு) கீழே நன்றாக இழுக்கிறது, ஆனால் 3300 ஆர்பிஎம் தாண்டினால் மூச்சு வாங்குவது போல இருக்கிறதாம். தாளில் அப்படி எதுவும் தெரியவில்லை, கோடு வழவழவென்று போகிறது, அதனால் தன் மனப்பிரமை என்று விட்டுவிட்டாராம். அவர் பயந்த விஷயம் ஒன்றுமே இல்லை, மனப்பிரமை என்று விட்டதுதான் நிஜக் கோளாறு. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வண்டி 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்த டீசல் குழாய்), வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ (வேன் எனும் தகடுகள் திறந்து மூடும் வகை), ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இழுவை. கம்பெனிக் கணக்கு 140 பிஎஸ் பவர், 320 என்எம் டார்க் (சுழற்றும் விசை). டியூன் செய்தவர் சொன்ன இலக்கு 175 பிஎஸ், 400 என்எம். முதல் தாள் டியூனுக்கு முன்னால் எடுத்தது, அதில் 116 பிஎஸ். இரண்டாவது தாள் டியூனுக்குப் பின்னால், வேறொரு டைனோவில்: 178 பிஎஸ், 497 என்எம். 178இல் 116 போனால் 62, ஆக 62 பிஎஸ் கூடியிருக்கிறது என்று நண்பர் முடிவுகட்டி வைத்திருந்தார். இன்ஜினில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல் ஃபைலை மட்டும் மாற்றி 140 பிஎஸ் வண்டியில் 62 கூடுகிறது என்றால் நான் முதலில் தாளைத்தான் சந்தேகப்படுவேன்.

ரோலர் டைனோ உண்மையில் அளப்பது என்ன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ரோலர் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரம் அதை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது, இந்த இரண்டும்தான் அளவீடு. (வெறும் கனமான உருளை வைத்த இனர்ஷியா டைனோவில் விசையைக்கூட நேரடியாக அளப்பதில்லை, எடை தெரிந்த உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து எடுக்கிறார்கள்.) இரண்டையும் பெருக்கினால் சக்கரத்தில் வரும் பவர். அதோடு அளவீடு முடிந்தது. இன்ஜின் டார்க், இன்ஜின் பவர், "திருத்திய" பவர் எல்லாம் அதற்கு மேல் போட்ட கணக்கு. ஒவ்வொரு கணக்கிலும் யாரோ ஒருவர் கீபோர்டில் தட்டிய எண் ஒன்று ஒளிந்திருக்கும். ஆக 497 என்ற எண்ணை நம்பும் முன் அதற்குள் யார் யார் கை பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதல் சந்தேகம் ஆர்பிஎம். தாளில் ஓட்டம் 3500 ஆர்பிஎம்மில் முடிகிறது, உச்ச பவர் 2920இல் வருகிறது. இந்த இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் உச்ச பவரே 3750இல். டியூன் போட்டதால் உச்சம் 800 ஆர்பிஎம் கீழே இறங்குமா? நல்லவேளையாக நண்பர் அன்றைக்கு ஓபிடி லாக் (வண்டியின் கண்டறியும் சாக்கெட்டிலிருந்து எடுக்கும் பதிவு) ஒன்றும் ஓடவிட்டிருந்தார், அதில் அதே ஓட்டம் 4200 வரை போய் லிமிட்டரில் முடிகிறது. தாளில் 3500, இன்ஜினில் 4200. சரியாக 1.2 மடங்கு.

இது எப்படி நடக்கும்? பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக் வயரிலோ காயிலிலோ ஒரு கிளாம்ப் மாட்டினால் ஆர்பிஎம் வந்துவிடும். டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. ஓபிடியிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது கிராங்க் புல்லியில் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒளி சென்சாரால் படிக்க வேண்டும், அல்லது பெரும்பாலானோர் செய்வது போல, ஒரு கியரில் வண்டியை நிலையாக ஓட்டி, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, "இந்த ரோலர் வேகத்துக்கு இத்தனை ஆர்பிஎம்" என்று தட்டிவிட வேண்டும். விசாரித்தபோது நடந்தது தெரிந்தது. அளவைத் தட்டியது ஐந்தாவது கியரில். ஓட்டத்தை எடுத்தது நான்காவதில், ஐந்தாவதில் ரோலர் வேகம் ரொம்ப ஏறுகிறது என்று ஆபரேட்டர் கடைசி நேரத்தில் கியரை மாற்றியிருக்கிறார். இந்த கியர்பாக்ஸில் ஐந்தாவது 1.0, நான்காவது 1.2. அளவைத் திரும்பத் தட்ட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் விசேஷம் என்னவென்றால் பவர் தப்பாகாது. அது ரோலரிலேயே கிடைத்துவிடுகிறது, இன்ஜின் எத்தனை சுற்றுகிறது என்று ரோலருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் டார்க் என்பது பவரை 7024ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தது (பவர் பிஎஸ்ஸிலும் டார்க் என்எம்மிலும் இருந்தால்). வகுக்கும் எண் குறைந்தால் விடை ஊதிவிடும். 497ஐ 1.2ஆல் வகுத்தால் 414. இன்னொன்று, தாளில் எந்தப் புள்ளியை எடுத்துச் சரிபார்த்தாலும் பவரும் டார்க்கும் ஆர்பிஎம்மும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் மூன்றில் ஒன்றை மற்ற இரண்டிலிருந்துதான் உருவாக்கியிருக்கிறார்கள். தாளை வைத்துத் தாளைச் சோதிக்க முடியாது, வெளியிலிருந்து ஒரு ஆர்பிஎம் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் நழுவினாலும் இதே கதைதான், அங்கே விகிதமே ஓட்டத்தின் நடுவில் மாறிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, திருத்தம். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் டிஐஎன் 70020 என்றும், 38 டிகிரி, 985 ஹெக்டோபாஸ்கல் என்றும் இருந்தது. அந்தச் சூத்திரம் எல்லாவற்றையும் 20 டிகிரி, 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலைக்குக் கொண்டுபோகும். 1013ஐ 985ஆல் வகுத்து, கூடவே வெப்ப விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பெருக்கினால் 1.06 வருகிறது. அதாவது அளந்ததற்கு மேல் ஆறு சதவீதம் சும்மா சேர்த்திருக்கிறார்கள்.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு இதில் நியாயம் உண்டு, சூடான மெல்லிய காற்றில் அது உண்மையிலேயே பவர் இழக்கும். டர்போ டீசல் அப்படி இல்லை. இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, முழு அழுத்தக் கணக்கில் பார்க்கிறது. வெளியே காற்றழுத்தம் கொஞ்சம் குறைந்தால் டர்போவின் வேன்களை இன்னும் கொஞ்சம் மூடி, அதே இலக்கைப் பிடித்துவிடும். பவரைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் தெளிக்கிறோம் என்பதுதான். டர்போ தன் எல்லையைத் தொட்டுவிட்ட மலை உயரங்களில் கதை வேறு, ஆனால் சாதாரண இடத்தில் இன்ஜின் இழக்காத பவரைத் திருப்பிக் கொடுப்பது அன்பளிப்பு மாதிரிதான். ஐஎஸ்ஓ 1585, எஸ்ஏஇ ஜே1349 போன்ற தரங்களில் டீசலுக்கென்று தனிச் சூத்திரமே இருக்கிறது, டைனோ மெனுவில் அதைத் தேடி எடுப்பவர்கள்தான் குறைவு. டியூன் செய்த டீசலுக்கு நான் திருத்தம் இல்லாத எண்ணைத்தான் கேட்பேன், பக்கத்தில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்துக்கொள்வேன்.

1.06ஐ எடுத்துவிட்டால் 178 என்பது 168 ஆகிறது. டார்க் 414லிருந்து 391. டியூன் செய்தவர் 400 சொல்லியிருந்தார், மனிதர் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். கிளட்ச் கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிட்டது: லாக்கில் இருக்கும் ஆர்பிஎம்மை ரோலர் வேகத்தால் வகுத்துப் பார்த்தேன், ஓட்டம் முழுக்க ஒரே விகிதம். கிளட்ச் நழுவினால் டார்க் உச்சத்தில் இருக்கும் இடத்தில் அந்த விகிதம் மேலே எகிறும். எகிறவில்லை.

அடுத்தது சக்கரமா இன்ஜினா என்ற பழைய சண்டை. முதல் தாளின் 116 சக்கரத்தில் அளந்தது. இரண்டாவது தாளின் 168, இழப்பைச் சேர்த்த இன்ஜின் பவர். ஓட்டம் முடிந்ததும் கிளட்ச்சை மிதித்து ரோலரைத் தானாக வேகம் குறையவிட்டு, அதிலிருந்து 31 பிஎஸ் இழப்பு என்று எடுத்திருக்கிறார்கள். ஆக சக்கரத்தில் 137. 116க்கும் 137க்கும் வித்தியாசம் 21, அறுபத்திரண்டு எங்கே போனது என்று நண்பர் முகம் சுருங்கிவிட்டது. அந்த 31கூட முழு உண்மை இல்லை, டயர்களும் கியர்களும் சுமையில்லாமல் உருளும்போது அளந்தது, முழு டார்க் பாயும்போது இழப்பு இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனாலும் "15 சதவீதம் சேர்த்துக்கோ" என்ற வாய்ப்பாட்டைவிட இது எவ்வளவோ மேல். சதவீதக் கணக்குப்படி பார்த்தால் டியூன் போட்டதும் அதே டயரும் அதே டிஃபரென்ஷியலும் திடீரென்று கூடுதல் பவரைத் தின்ன ஆரம்பித்துவிட வேண்டும். ரீமேப் நடந்த செய்தி டயருக்கு யார் சொன்னது? அதே வேகத்தில் இழப்பின் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும்.

சரி, 21தானா என்றால் அதையும் நம்ப முடியாது, இரண்டும் வேறு வேறு டைனோ. முதலாவது இனர்ஷியா வகை. அதில் உருளை லேசாக இருந்தால், குறைந்த கியரில் இன்ஜின் ஆர்பிஎம்மை விறுவிறுவென்று கடந்துவிடும், டர்போ பூஸ்ட் கட்ட நேரமே கிடைக்காது. இந்தத் தாமதம்தான் டர்போ லாக், முதல் தாளில் டார்க் உச்சம் 2400இல் வந்ததற்கு இதுதான் காரணம். இரண்டாவது, சுமை கொடுத்துப் பிடிக்கும் வகை, அதில் உச்சம் 1750இல் வந்தது போலத் தெரிகிறது. "டியூன் போட்டதும் டர்போ லாக் 650 ஆர்பிஎம் குறைஞ்சிருக்கு பாருங்க" என்று நண்பர் சந்தோஷப்பட்டது இதைப் பார்த்துத்தான். அந்த 1750 உண்மையில் 2100, மிச்ச வித்தியாசம் டைனோவின் சுபாவம். பாவம், ஒவ்வொன்றாக நான் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் கோட்டின் வடிவத்துக்கு வந்தோம். தாள் என்பது வெறும் படம். ஓட்டத்தின் ஃபைலைக் கேட்டு வாங்கினோம். அச்சடித்தபோது ஸ்மூத்திங்கை (கோட்டின் நெளிவுகளை மழுக்கும் அமைப்பை) உச்சத்தில் வைத்திருந்திருக்கிறார்கள், குறைத்ததும் வழவழ கோடு காணாமல் போய், உண்மையான 3300க்கு மேல் ரம்பப் பல் மாதிரி நெளிவுகளும், 3500க்கு அப்புறம் செங்குத்தான சரிவும் தெரிந்தன. 3800இல் சக்கரத்தில் வெறும் 121 பிஎஸ். நண்பரின் மனப்பிரமை அங்கே படுத்துக் கிடந்தது.

இப்படி ஒரு சரிவுக்கு வழக்கமான சந்தேகங்கள் நிறைய. பூஸ்ட் கசிவு, டர்போ தன் எல்லையைத் தொட்டது, டயர் ரோலரில் வழுக்கியது, டிபிஎஃப் ரீஜெனரேஷன் (புகைக்கரி ஃபில்டரைச் சுத்தம் செய்யும் எரிப்பு) நடுவில் ஓடியது, முன்சக்கரம் நிற்பதைப் பார்த்து இஎஸ்பி (சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு) கையை வைத்தது. லாக்கில் இதில் பாதியை உடனே தள்ளிவிட முடிந்தது: பூஸ்ட் இலக்கோடு ஒட்டியே போகிறது, ரீஜெனரேஷன் இல்லை, மிதி முழுதாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் ரெயில் பிரஷரை, அதாவது காமன் ரெயிலில் டீசலின் அழுத்தத்தை, பதிவு செய்யவில்லை. எனக்கு அந்த ஒரு வரி இல்லாமல் தூக்கம் வராது, திரும்ப ஒரு நாள் போவது என்று முடிவானது.

இந்த முறை நிபந்தனைகளை முன்பே எழுதிக்கொண்டு போனோம். அதே சுமை வகை டைனோ, நான்காவது கியரில் அளவு தட்டி நான்காவது கியரிலேயே ஓட்டம், திருத்தம் அணைத்து வைத்து, ஸ்மூத்திங் மிகக் குறைவாக, டயர் காற்றும் கட்டும் பெல்ட்டின் இறுக்கமும் ஒரே மாதிரி (பெல்ட்டை இழுத்து இறுக்கினால் டயர் ரோலரில் அமுங்கி பவரைத் தின்னும்), ஸ்டாக் (கம்பெனி) ஃபைலும் டியூன் ஃபைலும் கையில், ஓபிடி லாக் எல்லா ஓட்டத்துக்கும்.

டியூன் ஃபைலில் இடைவெளி விடாமல் மூன்று ஓட்டம்: சக்கரத்தில் 136, 131, 126. இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் ரேடியேட்டருக்கு) பின் காற்று 52, 66, 78 டிகிரி. முன்னால் வைத்திருந்த ஃபேன் சாலையில் வரும் காற்றுக்கு ஈடாகவே இல்லை. காற்று சூடானால் அடர்த்தி குறைகிறது, ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்கும் காற்றின் எடை குறைகிறது, புகை வராமல் இருக்க இசியு டீசலையும் அதற்கேற்பக் குறைத்துவிடுகிறது. முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவதற்கும் காற்றின் எடையில் ஏழு சதவீதம் குறைவு, பவரிலும் ஏழு சதவீதம். சில இடங்களில் ஸ்டாக் ஓட்டத்தைச் சூட்டில் எடுத்துவிட்டு, ஃபைல் ஏற்றும் நேரத்தில் இன்ஜின் ஆறியதும் டியூன் ஓட்டத்தை எடுப்பார்கள். பத்து பிஎஸ் அங்கேயே வந்துவிடும்.

ஆனால் சூடு எங்கள் சரிவுக்குக் காரணமில்லை. சூடு கோட்டை முழுதாகக் கீழே இறக்குகிறது, எங்கள் சரிவு ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து மடங்குகிறது. ஒரு இடம் வரை எல்லாம் சரியாக இருந்து அதற்கு மேல் மடங்கினால், ஏதோ ஒன்று போதாமல் போகிறது என்று அர்த்தம். ரெயில் பிரஷர் வரி அதைச் சொல்லிவிட்டது. இலக்கு 1600 பார். 3200 ஆர்பிஎம் வரை உண்மை அளவும் 1600. அங்கிருந்து இறங்க ஆரம்பித்து 3600இல் 1380. வேடிக்கை, மூன்றாவது ஓட்டத்தில் 1450 வரைதான் இறங்கியது, ஏனென்றால் சூட்டில் இசியு கேட்ட டீசலே குறைவு. மூன்றாவதை மட்டும் பதிவு செய்திருந்தால் "பரவாயில்லை" என்று விட்டிருப்போம்.

ரெயில் பிரஷர் இறங்கும்போது பவர் மட்டும் போவதில்லை. அதே அளவு டீசலைக் குறைந்த அழுத்தத்தில் தள்ள இசியு இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது, கடைசியாகத் தெளித்தது பிஸ்டன் கீழே இறங்கும்போது தாமதமாக எரிகிறது, அந்தச் சூடு வேலை செய்யாமல் எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது. டர்போவுக்கு முன்னால் இருக்கும் சென்சாரில் 790 டிகிரி பார்த்தேன். 750க்கு மேல் தொடர்ந்து போவதை நான் என் வண்டியில் அனுமதிக்க மாட்டேன், அலுமினிய பிஸ்டனோடு பந்தயம் கட்ட எனக்குத் தைரியமில்லை. இத்தனைக்கும் இசியுவில் ஒரு கோளாறு எண்கூட (ஃபால்ட் கோட்) விழவில்லை. விலகல் இத்தனை அளவுக்கு இத்தனை நேரம் நீடித்தால்தான் இசியு அந்த எண்ணைப் போடும், முழு மிதியில் 3300 முதல் 4200 வரை போக நான்கைந்து நொடிதான்.

அங்கே இருந்த மெக்கானிக் ஒருவர் ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினார். இருக்கலாம், ஆனால் பம்ப்புக்கே டீசல் வருகிறதா என்று பார்க்காமல் பம்ப்பைக் கழற்றுவானேன்? டேங்க்கில் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி இது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் மாட்டி முழுச் சுமையில் ஓட்டினோம். முன்னால் 4.7 பார், பின்னால் 2க்கும் கீழே. ஃபில்டர் அடைத்திருந்தது. நண்பர் மாற்றிய தேதியைத் தேடினார், கிடைக்கவில்லை, அப்படியென்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

ஃபில்டரைத் தொடும் முன்னால் ஸ்டாக் ஃபைலை ஏற்றி ஒரு ஓட்டம் எடுத்தோம். 111 பிஎஸ், ரெயில் பிரஷர் ஆடாமல் அசையாமல். ஸ்டாக் ஃபைல் உச்ச பவரில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு ஏறக்குறைய 54 மில்லிகிராம் டீசல் கேட்கிறது, டியூன் ஃபைல் 68. அடைத்த ஃபில்டர் முதலாவதற்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. டியூன் கெடுத்தது என்று சொல்ல முடியாது, ஏற்கனவே இருந்ததை அது வெளியே கொண்டுவந்தது.

புது ஃபில்டர் போட்டு, இன்ஜினை நன்றாக ஆறவிட்டு, டியூன் ஃபைலில் மறுபடி: சக்கரத்தில் 145, உச்சம் 3700இல். ரெயில் பிரஷர் 1570க்குக் கீழே இறங்கவில்லை. எக்ஸாஸ்ட் சூடு 735. உச்சத்தை மட்டும் பார்த்தால் 136லிருந்து 145, ஒன்பது பிஎஸ்தான் என்று தோன்றும். 3800இல் பாருங்கள்: 121 இருந்த இடத்தில் 144. லாரியைத் தாண்டும்போது காலுக்குத் தெரிவது இந்த 23தான். இன்ஜெக்டர் ரிட்டர்னையும் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல்) நான்கு பாட்டில் வைத்து அளந்து பார்த்தோம், நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டம், அந்தக் கவலையும் தீர்ந்தது.

ஸ்டாக் 111, டியூன் 145, சக்கரத்தில் 34 பிஎஸ் கூடியிருக்கிறது, ஒரே டைனோவில் ஒரே நாளில். இழப்பு 31ஐச் சேர்த்தால் 176. முதலில் வந்த தப்பான தாளின் 178க்கு இரண்டு குறைவு! நண்பர் இதைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அந்தத் தாள் சரியாத்தானே சொல்லிச்சு" என்று அதை இன்னும் கிளவ் பாக்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறார். நான் பேனாவால் 497ஐ அடித்து 391 என்று எழுதிக் கொடுத்தேன், அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பாக்கி இருப்பது சூடு. புது ஃபில்டரோடும் மூன்றாவது ஓட்டம் 134க்கு இறங்குகிறது, இன்டர்கூலருக்குப் பின் மறுபடி 78 டிகிரி. அது ஃபேனின் குற்றமா, இன்டர்கூலரே சின்னதா என்பது ரோலரில் தெரியாது. நீண்ட ஏற்றத்தில் முழு மிதியில் ஓட்டி அந்த வெப்பத்தைப் பதிவு செய்து வரச் சொல்லியிருக்கிறேன், 60ஐத் தாண்டவில்லை என்றால் இன்டர்கூலர் வாங்கும் பேச்சே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்பாரா என்று தெரியவில்லை, மூன்று இன்டர்கூலர் படம் ஏற்கனவே அனுப்பிவிட்டார்.